கதவோரத்து மஞ்சள் ஸ்டிக்கர்

அரிசோனா மாநிலத்தின் மேற்கு எல்லையில், கொலராடோ ஆற்றின் மீது டேவிஸ் அணை இருக்கிறது. அணைப் பக்கமிருந்து கிளம்பும் 68ஆம் எண் மாநிலச் சாலை கிழக்கு நோக்கி மலையேறுகிறது. பதினெட்டு கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 3,000 அடி ஏற்றம். சுற்றிலும் பாலை, ஒதுங்க நிழல் கிடையாது. அமெரிக்க வாகன நிறுவனங்கள் தங்கள் பிக்அப் டிரக்குகளை இந்தச் சாலைக்குக் கொண்டுவந்து சோதிப்பது வெயில் கொளுத்தும் நாள்களில்தான்.

வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்ஏஇ, 2008இல் ஜே2807 என்றொரு விதிமுறையை வகுத்தது. பின்னால் முழு எடையுள்ள ட்ரெய்லரைக் கட்டிக்கொண்டு, 38 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், ஏசியை முழுவதும் திறந்துவிட்டு, இந்த ஏற்றத்தை ஏறி முடிக்க வேண்டும். வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகக் கூடாது. பின் அச்சில் நான்கு டயர் கொண்ட பெரிய வண்டிகளுக்கு மட்டும் 35 மைல் வரை சலுகை. வழியில் எஞ்சின் கொதித்தால் தேர்ச்சி இல்லை. அதுவரை ஒவ்வொரு நிறுவனமும் தன் இழுவைத் திறனைத் தன் மனம்போல அச்சிட்டுக்கொண்டிருந்தது. டொயோட்டா முதலில் இந்த விதிக்குக் கட்டுப்பட்டது. மற்ற நிறுவனங்கள் தயங்கித் தயங்கிச் சில ஆண்டுகள் கழித்து வந்தன.

ஆகவே இன்றைய விளம்பரங்களில் காணும் இழுவை எண்கள் பொய்யல்ல. வாங்குகிறவர் பார்க்க வேண்டிய எண் அதுவல்ல என்பதே சிக்கல். அந்தத் தவறான எண்ணைத் துரத்திப் போகிறவர்கள்தான் தேவையே இல்லாமல் பத்தாயிரம் டாலர் கூடுதலாகக் கொடுத்து டீசல் டிரக்கோடு வீடு திரும்புகிறார்கள். இழுவைக்காக ஹெவி டியூட்டி பிக்அப் தேடும் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பெட்ரோல் எஞ்சினே போதும். பல நேரங்களில் அதுதான் பொருத்தமானதும்கூட. டீசல் கட்டாயம் வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் டீசல் வாங்குகிற எல்லாரும் அவர்கள் அல்லர்.

ஒரு சொல் விளக்கம் தேவை. அமெரிக்கர் ‘கேஸ் டிரக்’ என்றால் சமையல் சிலிண்டரை நினைத்துவிடக் கூடாது. பெட்ரோலுக்கு அங்கே கேசலின் என்று பெயர். பேச்சு வழக்கில் கேஸ்.

ஹெவி டியூட்டி பிக்அப் இன்று மூன்று நிறுவனங்களின் களம். ஃபோர்டின் எஃப்-250, எஃப்-350. ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரோலே சில்வராடோ 2500, 3500, அவற்றின் உடன்பிறப்பான ஜிஎம்சி சியரா. அப்புறம் ராம் 2500, 3500. முதல் எண் கொண்டவற்றை முக்கால் டன் என்றும் இரண்டாவதை ஒரு டன் என்றும் மக்கள் சொல்வார்கள். ஒரு காலத்தில் அவை ஏற்றிய சுமையிலிருந்து வந்த பெயர் அது. இன்றைய முக்கால் டன் டிரக் ஒரு டன்னைச் சாதாரணமாக ஏற்றும். பெயர் மட்டும் மாறவில்லை.

இந்த வண்டிகளுக்கு டீசல் மோகம் பிடித்த வரலாறு 1989இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மாடல் டாட்ஜ் ராம் பிக்அப்பில் கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ டீசல் எஞ்சின் ஏறியது. குதிரைத்திறன் வெறும் 160. முறுக்கு விசையோ 540 நியூட்டன் மீட்டர். லாரிக்கும் டிராக்டருக்கும் உரிய எஞ்சின் வீட்டு வாசலுக்கு வந்ததும் விவசாயிகளும் குதிரை வளர்ப்பவர்களும் அதைக் கொண்டாடினார்கள். அதன்பிறகு மூன்று நிறுவனங்களும் போட்டி போட்டு முறுக்கு விசையை ஏற்றின. ஃபோர்டின் உயர்திறன் 6.7 லிட்டர் டீசல் 2023இல் 500 குதிரைத்திறனும் 1,600 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கு விசையும் தொட்டது. அதே ஆண்டின் எஃப்-450, சரியான அமைப்பில் வாங்கினால், 40,000 பவுண்டு இழுக்கும் என்றது ஃபோர்டு. அதாவது பதினெட்டு டன். வார இறுதியில் ஏரிக்கரைக்குப் படகு கொண்டுபோகிறவருக்குப் பதினெட்டு டன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

பெட்ரோல் பக்கமோ 2020க்கு முன்பு வரை ஏறக்குறைய ஆளில்லாமல் கிடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 8.1 லிட்டர் பெரிய பெட்ரோல் எஞ்சினை 2000களிலேயே நிறுத்திவிட்டது. ஃபோர்டின் பத்து சிலிண்டர் எஞ்சினும் பிக்அப்பிலிருந்து இறங்கி, வேன், மோட்டார் ஹோம் போன்றவற்றின் சேஸிஸில் மட்டும் தொடர்ந்தது.

திருப்பம் 2020 மாடல் ஆண்டில் வந்தது. ஃபோர்டு 7.3 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சினை அறிமுகம் செய்தது; ‘காட்ஸில்லா’ என்ற செல்லப்பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. 430 குதிரைத்திறன், 644 நியூட்டன் மீட்டர். அதே ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் 6.6 லிட்டர் பெட்ரோல் வி8 கொண்டுவந்தது: 401 குதிரைத்திறன், 629 நியூட்டன் மீட்டர். ராமிடம் 6.4 லிட்டர் ஹெமி முன்பே இருந்தது.

காட்ஸில்லாவின் சிறப்பு அதில் இல்லாதவற்றில் இருக்கிறது. டர்போ இல்லை. சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் நவீன ஏற்பாடு இல்லை. கேம்ஷாஃப்ட் மேலே இல்லாமல் பழைய பாணியில் எஞ்சின் பிளாக்குக்குள்ளேயே சுழல்கிறது. பிளாக் வார்ப்பிரும்பு. கணினி யுகத்தில் இப்படியொரு தாத்தா காலத்து வடிவமா என்று கேட்கலாம். எஞ்சினைக் கசக்காமல், பெரிய கொள்ளளவைக் கொடுத்து, நிதானமாக நெடுநாள் உழைக்கவிடுவதுதான் அதன் கணக்கு. புளூ பேர்டு நிறுவனத்தின் பள்ளிப் பேருந்துகளில் இதே எஞ்சின் பெட்ரோலிலும் புரொப்பேன் வாயுவிலும் ஓடுகிறது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நின்று நின்று போகும் வேலைக்கு ஒரு எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பர எண்ணுக்கு மயங்கமாட்டார்கள்.

இழுக்கும் எண்ணைவிட முக்கியமான எண் எது? ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத்துத் தூணில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். அதில் மஞ்சள் பட்டையில் ஒரு வாசகம்: வண்டியில் ஏறும் ஆள்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது. அந்த எண் விளம்பரத்தில் சொன்ன மாடலுக்கானது அல்ல. கண்ணெதிரே நிற்கும் அந்த ஒரு வண்டிக்கு உரியது. சன்ரூஃப், தோல் இருக்கை, நான்கு சக்கர இயக்கம் என்று என்னென்ன பொருத்தியிருக்கிறதோ அத்தனையும் கழித்த மிச்சம்.

ட்ரெய்லர் தன் எடை முழுவதையும் தானே சுமப்பதில்லை. கொக்கியில் மாட்டி இழுக்கும் சாதாரண ட்ரெய்லரில் பத்து முதல் பதினைந்து சதவீத எடை டிரக்கின் கொக்கி மீது அழுந்த வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் ட்ரெய்லர் வால்போல ஆட ஆரம்பித்துவிடும். டிரக்கின் சரக்குத் தொட்டிக்குள் கொக்கி பொருத்தும் ‘ஃபிஃப்த் வீல்’ வகையில் இந்த அழுத்தம் பதினைந்திலிருந்து இருபத்தைந்து சதவீதம் வரை போகும். இந்த எடை முழுவதும் மஞ்சள் ஸ்டிக்கரின் கணக்கில்தான் கழியும்.

ஒரு குடும்பத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் 25 அடி ஃபிளையிங் கிளவுட் ட்ரெய்லர் முழுச் சுமையோடு 7,300 பவுண்டு. மூன்றே கால் டன். பதின்மூன்று சதவீதம் கொக்கியில் அழுந்துகிறது என்றால் 950 பவுண்டு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய்: 580. சைக்கிள்கள், ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, விறகு: 250. எடையைச் சக்கரங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் கொக்கிச் சாதனம் மட்டும் 100. கூட்டினால் 1,880 பவுண்டு. விளம்பரத்தில் ‘13,000 பவுண்டு இழுக்கும்’ என்று மார்தட்டுகிற, ஹெவி டியூட்டிக்கு ஒருபடி கீழான அரை டன் பிக்அப்களில், வசதிகள் நிறைந்த மாடலின் ஸ்டிக்கர் பெரும்பாலும் 1,400, 1,600 என்ற அளவில்தான் நிற்கும். பதிமூன்றாயிரம் இழுக்கும் வண்டிக்கு ஏழாயிரம் பவுண்டு ட்ரெய்லரே ஓவர்லோடு.

இந்த இடத்தில்தான் ஹெவி டியூட்டி தேவைப்படுகிறது. எஞ்சின் சக்திக்காக அல்ல. தடித்த சேஸிஸ், கனத்த அச்சு, அகன்ற பிரேக், கெட்டியான ஸ்பிரிங் ஆகியவற்றுக்காக. எஞ்சின் எதுவானாலும் இவை கிடைத்துவிடும்.

அடுத்த கட்டம் இன்னும் சுவாரசியமானது. ராம் 2500 டிரக்கின் மொத்த எடை, அதாவது வண்டியும் சுமையும் சேர்ந்து, 10,000 பவுண்டுக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. மாநிலம் தாண்டிய வணிக ஓட்டத்தில் 10,001 பவுண்டிலிருந்து மத்தியப் போக்குவரத்து விதிகள் கழுத்தைப் பிடிக்கும் என்பதால் அந்த எல்லைக்கு ஒரு மதிப்பு உண்டு. அந்தப் பத்தாயிரத்துக்குள் எஞ்சினின் எடையும் அடக்கம். கம்மின்ஸ் 6.7 லிட்டர் டீசல் தனியாகவே ஆயிரம் பவுண்டை ஒட்டிய எடை. அதற்கு ஈடாகப் பெரிய ரேடியேட்டர், பெரிய கியர்பாக்ஸ், புகை சுத்திகரிப்பு உருளைகள் எல்லாம் கூடவே வரும். பெட்ரோல் வண்டியைவிடச் சில நூறு பவுண்டு அதிகம். அத்தனையும் சுமக்கும் திறனில் கழிகிறது.

நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம் கொண்ட பெட்ரோல் ராம் 2500இன் ஸ்டிக்கர் 3,000 பவுண்டைச் சுற்றி இருக்கும். அதே வண்டி டீசலில் 2,200, 2,300 என்று இறங்கிவிடும். இப்போது 10,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் ட்ரெய்லரை எடுத்துக்கொள்வோம். தொட்டியில் அழுத்தம் இருபது சதவீதம், 2,000 பவுண்டு. கொக்கி 200. குடும்பம் 600. மொத்தம் 2,800. பெட்ரோல் வண்டி ஸ்டிக்கருக்குள் நிற்கிறது. இரண்டு மடங்குக்கு மேல் முறுக்கு விசை கொண்ட டீசல் வண்டி 500 பவுண்டு ஓவர்லோடு. கூடுதல் பணம் கொடுத்து, கூடுதல் பலம் வாங்கி, குறைவாகச் சுமக்கும் வண்டியைப் பெறுவது இந்தச் சந்தையில் அன்றாடம் நடக்கிற காரியம்.

ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் தங்கள் முக்கால் டன் டிரக்குகளின் மொத்த எடை வரம்பைப் பத்தாயிரத்துக்கு மேல் உயர்த்தித் தருவதுண்டு. அங்கே இந்த இடைவெளி சுருங்கும். ஒரு டன் வண்டிக்குப் போனால் டீசலுக்கும் இடம் தாராளம். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து வாங்குகிறவர் எத்தனை பேர்? இழுக்கும்போது டீசல் திணறாது. வண்டி சிரமப்படவில்லை என்று ஓட்டுகிறவர் நம்பிவிடுகிறார். சிரமப்படுவது பின் அச்சும் டயரும். அவற்றுக்கு வாய் கிடையாது.

அடுத்தது பணக் கணக்கு. டீசல் எஞ்சினுக்குக் கூடுதல் விலை பத்தாயிரம் டாலரை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது. மைலேஜில் அது திரும்பிவிடும் என்பது விற்பனையாளர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல். இந்த எடைப் பிரிவு வண்டிகளுக்கு அரசின் மைலேஜ் முத்திரை கிடையாது. 8,500 பவுண்டுக்கு மேற்பட்ட டிரக்குகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. எனவே ஒரு மாதிரிக் கணக்கு போடுவதே வழி. ஆண்டுக்கு 10,000 மைல் ஓட்டம், அதில் 3,000 மைல் ட்ரெய்லரோடு என்று கொள்வோம். பெட்ரோல் வண்டி காலியாகக் கேலனுக்கு 13 மைல், இழுக்கும்போது 8. டீசல் காலியாக 17, இழுக்கும்போது 11. பெட்ரோல் கேலன் 3.20 டாலர், டீசல் 3.70. ஆண்டு எரிபொருள் செலவு பெட்ரோலுக்கு 2,920 டாலர், டீசலுக்கு 2,530. மிச்சம் 390 டாலர். பத்தாயிரத்தை மீட்க இருபத்தைந்து ஆண்டு. வண்டியை விற்கும்போது டீசலுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்பது உண்மை. பாதி திரும்பி வந்தாலும் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு ஓட்ட வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இங்கே ஒரு சந்தேகம் எழலாம்: டீசல் எப்படிப் பெட்ரோலைவிட விலை அதிகம்? அமெரிக்காவில் மத்திய வரியே அப்படித்தான். 1993இலிருந்து கேலனுக்குப் பெட்ரோல் 18.4 சென்ட், டீசல் 24.4 சென்ட். 2022 ஜூனில் விலை உச்சம் தொட்டபோது நாட்டின் சராசரிப் பெட்ரோல் விலை ஐந்து டாலர். டீசல் ஐந்தே முக்காலைத் தாண்டியது.

பராமரிப்பிலும் அதே கதை. காட்ஸில்லாவுக்கு எட்டு குவார்ட் ஆயில் போதும். ஃபோர்டின் டீசலுக்குப் பதின்மூன்று. டீசலுக்குக் கூடுதலாக எரிபொருள் ஃபில்டர்கள், யூரியா கரைசல், புகைக்கரியைப் பிடித்துவைத்து எரிக்கும் வடிகட்டி. 2007, 2010 ஆண்டுகளின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பிறகு இவையெல்லாம் வண்டியில் ஏறின. காற்றுக்கு அவை நல்லவை; அதில் ஐயமில்லை. ஆனால் அந்த வடிகட்டி சுத்தமாக எஞ்சின் நன்றாகச் சூடேறி நெடுந்தூரம் ஓட வேண்டும். வாரம் முழுக்கப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, கடைக்குப் போய்வந்து, மாதம் ஒருமுறை மட்டும் ட்ரெய்லர் இழுக்கும் டீசல் டிரக்குக்கு அந்தச் சூடு கிடைக்காது. கரி அடைத்துக்கொள்ளும். யூரியா அமைப்பில் கோளாறு வந்தால் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்து போகும். விவசாயிகள் இதனால் பட்ட பாட்டைக் கேட்டு, 2025 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே அந்தக் கட்டாய வேகக் குறைப்பைத் தளர்த்தும்படி உற்பத்தியாளர்களுக்கு வழிகாட்டியது.

பெரிய பழுதுகளும் நடந்திருக்கின்றன. 2019, 2020 மாடல் ராம் டீசல் டிரக்குகளில் 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை 2021இல் திரும்ப அழைக்கப்பட்டன; உயர் அழுத்த எரிபொருள் பம்ப் பழுதாகி, ஓடும்போதே எஞ்சின் நிற்கக்கூடும் என்பது காரணம். புகைச் சோதனையை ஏய்க்கும் ஏற்பாடு ராம் டிரக்குகளின் எஞ்சினில் இருந்ததாகச் சொன்ன அரசுக்கு 167.5 கோடி டாலர் அபராதம் செலுத்த 2023 டிசம்பரில் கம்மின்ஸ் உடன்பட்டது. பெட்ரோலிலும் குறை இல்லாமல் இல்லை. ஹெமி எஞ்சினின் கேம்ஷாஃப்ட், லிஃப்டர் தேய்மானம் பற்றிய புகார்கள் பல ஆண்டுகளாக உண்டு. வித்தியாசம் பழுது பார்க்கும் செலவில்தான். பெட்ரோல் வி8 எஞ்சினைச் சிற்றூர் மெக்கானிக்கும் பிரிப்பார். டீசலின் எரிபொருள் பம்ப் சிதறி உலோகத் துகள் குழாயெங்கும் பரவினால் எரிபொருள் அமைப்பையே மாற்ற வேண்டிவரும்.

இவ்வளவு சொன்ன பிறகு டீசலின் உண்மையான பலங்களையும் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது மலை. டென்வருக்கு மேற்கே 70ஆம் எண் நெடுஞ்சாலை ராக்கி மலைத்தொடரை ஐசனோவர் சுரங்கப்பாதை வழியாகக் கடக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 11,158 அடி. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ மூன்று சதவீதச் சக்தியை இழக்கும். அந்த உச்சியில் காட்ஸில்லாவின் 430 குதிரைகளில் 290தான் மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கு குதிரைகள் மூச்சுவாங்கி அடிவாரத்திலேயே நின்றுவிடும். டர்போ டீசல் மெல்லிய காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளுவதால் பெரிதாகத் தளராது. இறக்கத்தில் டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக் இன்னும் பெரிய வரம். பிரேக்கில் கால் வைக்காமலேயே பல டன் எடையைப் பிடித்து நிறுத்திக்கொண்டு இறங்கும். பெட்ரோல் எஞ்சின் கீழ் கியரில் ஓரளவு பிடிக்கும், அவ்வளவு பிடிக்காது.

இரண்டாவது தூரம். சரக்கு ட்ரெய்லரோடு மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் ‘ஹாட்ஷாட்’ ஓட்டுநர் ஆண்டுக்கு 30,000 மைல் இழுத்தால், முந்தைய கணக்கின்படியே ஆண்டுக்கு 1,900 டாலர் மிச்சம். ஐந்து, ஐந்தரை ஆண்டில் டீசலின் கூடுதல் விலை கைக்கு வந்துவிடும். அவருக்கு டீசலே சரி. முப்பது அடி ட்ரெய்லரோடு பெட்ரோல் பங்கில் வளைத்துத் திருப்பும் அவஸ்தையும் அவருக்கு இல்லை. லாரிகள் நிரப்பும் அகன்ற வரிசையில் நேராக நுழைந்து நேராக வெளியேறலாம். இழுக்கும்போது கேலனுக்கு எட்டு மைல் என்றால், 34 கேலன் டாங்க் கொண்ட பெட்ரோல் டிரக் 270 மைலுக்கு ஒருமுறை பங்கைத் தேட வேண்டும். பெட்ரோல் வாங்குகிறவர் தெரிந்தே ஏற்க வேண்டிய சங்கடம் அது.

மூன்றாவது எடை. பதினான்காயிரம், பதினாறாயிரம் பவுண்டு ஃபிஃப்த் வீல் வீட்டில் ஆண்டு முழுக்கச் சுற்றுகிற ஓய்வுபெற்ற தம்பதிக்கு ஒரு டன் டீசல், முடிந்தால் பின்பக்கம் நான்கு டயரோடு, நியாயமான தேர்வு.

சத்தமும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஏற்றத்தில் பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் சுற்று என்று அலறும். டீசல் அதைவிட மிகக் குறைந்த சுற்றில் முனகிக்கொண்டே ஏறிவிடும். முதல்முறை ட்ரெய்லர் இழுக்கிறவர் அந்த அலறலைக் கேட்டு எஞ்சின் உடையப்போகிறது என்று பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். காட்ஸில்லாவின் உச்ச சக்தி கிடைப்பதே 5,500 சுற்றில்தான். அது அந்த எஞ்சின் செய்யும்படி வடிவமைத்த வேலை. வலப்பக்கத் தடத்தில் லாரிகளோடு லாரியாக 45 மைல் வேகத்தில் ஏறுவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

பெட்ரோல் என்று முடிவு செய்தவர் ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது: பின் அச்சின் கியர் விகிதம். ஃபோர்டின் 7.3 எஞ்சினோடு 3.55, 3.73, 4.30 என்று விகிதங்கள் உண்டு, ராமில் 3.73, 4.10. எண் பெரிதாக இருந்தால் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு அதிகம். மைலேஜ் சற்றுக் குறையும். முறுக்கு குறைந்த பெட்ரோல் எஞ்சினுக்கு இதுதான் ஊன்றுகோல். டீலர் முற்றத்தில் தயாராக நிற்கும் வண்டியில் எந்த விகிதம் இருக்கிறது என்று கேட்காமல் வாங்கி, பிறகு ‘பெட்ரோல் இழுக்கவில்லை’ என்று புலம்புகிறவர்கள் உண்டு. குற்றம் எஞ்சின் மீதல்ல. ட்ரெய்லர் பிரேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி கம்பெனியிலேயே பொருத்தப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விளம்பரத்தின் இழுவை எண்ணுக்குப் பின்னால் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஜே2807 விதிமுறை வண்டியில் இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டு என்று கொள்கிறது. அறுபத்தெட்டு கிலோ. நான்கு பேர் குடும்பமும் நாயும் தொட்டி நிறையச் சாமானும் அந்தக் கணக்கில் இல்லை. அதனால்தான் இந்தச் சந்தையில் ஒரு திருத்தம் அவசியம். தொலைக்காட்சியிலும் பலகையிலும் ‘இத்தனை பவுண்டு இழுக்கும்’ என்று பெரிய எழுத்தில் போடும் நிறுவனம், அதே அளவு எழுத்தில், அதே வண்டியின் சுமக்கும் எண்ணையும் போட வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தலாம். ஒரு காசு செலவில்லாத விதி அது. வாங்குகிறவர் இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் டீசல் மோகம் பாதி தணிந்துவிடும்.

அதுவரை பொறுப்பு வாங்குகிறவர் தலையில்தான். ட்ரெய்லரை முதலில் தேர்ந்தெடுக்கட்டும், டிரக் பிறகு. டீலரிடம் போனதும் சாவியைக் கேட்பதற்கு முன் ஓட்டுநர் கதவைத் திறந்து மஞ்சள் பட்டையைப் படிக்கட்டும். மொத்த எடை பத்தாயிரம் பவுண்டைத் தாண்டிய வண்டிகளில் அந்த ஸ்டிக்கர் கட்டாயமில்லை. அங்கே மொத்த எடை வரம்பிலிருந்து வண்டியின் உண்மையான எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும். அந்த எடையை அறிய அமெரிக்கா முழுவதும் லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் நிறுவனத்தின் எடைமேடைகள் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. குடும்பத்தையும் சாமானையும் ஏற்றி, ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு மேடையில் ஏறி நின்றால், முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் என்று மூன்று எடையும் தனித்தனியாக அச்சிட்டுத் தருவார்கள். கட்டணம் பதினைந்து டாலர் அளவில்தான்.